பொருளியல், வணிகவியல் பட்டப்படிப்பு வடிவமைப்பு

பொருளியல், வணிகவியல் பட்டப்படிப்பு வடிவமைப்பு என்பது பொருளியல், வணிகவியல், வணிக நிர்வாகவியல், கணக்கியல் ஆகிய துறைகளில் வழங்கப்படும் பட்டத்துக்கு எந்தப் பாடங்களை, எந்த வரிசையில், எவ்வளவு நேரம் கற்பிப்பது, எவ்வாறு தேர்வு நடத்துவது என்று பல்கலைக்கழகம் முடிவு செய்யும் செயல்முறை ஆகும். ஒரு பட்டத்தின் பெயரை மட்டும் வைத்து அதன் உள்ளடக்கத்தை அறிய இயலாது. ஒரே பெயருடைய பட்டம் கல்லூரிக்குக் கல்லூரி வேறுபடலாம். ஒரே கல்லூரியில் சேர்ந்த ஆண்டைப் பொறுத்தும் வேறுபடலாம்.

இக்கட்டுரை மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தையும் அதன் இணைப்புக் கல்லூரிகளையும் முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டுள்ளது. மதுரையின் மேற்குப் பகுதியில் உள்ள காளவாசல் சந்திப்பிலிருந்து தேனிச் சாலையில் மேற்கே சென்றால் நாகமலைப் பகுதியில் வெள்ளைச்சாமி நாடார் கல்லூரியும், அதனைக் கடந்து பல்கலைநகரில் பல்கலைக்கழக வளாகமும் உள்ளன. வைகையின் வடகரையில் அமெரிக்கன் கல்லூரி, லேடி டோக் கல்லூரி ஆகியவையும், தெப்பக்குளத்தை அடுத்து தியாகராசர் கல்லூரியும் அமைந்துள்ளன. இக்கல்லூரிகளின் பட்டச் சான்றிதழை வழங்குவது ஒரே பல்கலைக்கழகம். ஆனால் பாடத்திட்டத்தை வகுப்பது எல்லா இடத்திலும் ஒரே குழு அன்று.

பட்டங்களின் வகைகள்

தமிழ்நாட்டில் இத்துறைகளில் பின்வரும் இளநிலைப் பட்டங்கள் பரவலாக உள்ளன.

* பி.ஏ. பொருளியல்: நுண்ணினப் பொருளியல், பேரினப் பொருளியல், பொதுநிதி, பணமும் வங்கியும், இந்தியப் பொருளாதாரம், புள்ளியியல் ஆகியவை இதன் மையப் பாடங்கள். சமூகம் தன் வளங்களை எவ்வாறு பயன்படுத்துகிறது என்பதே இதன் அடிப்படைக் கேள்வி.
* பி.காம்.: நிதிக் கணக்கியல், நிறுமக் கணக்கியல், அடக்கவிலைக் கணக்கியல், வணிகச் சட்டம், வருமான வரி, தணிக்கை ஆகியவை மையப் பாடங்கள். கணினிப் பயன்பாடு, தொழில்முறைக் கணக்கியல் போன்ற சிறப்புப் பிரிவுகளும் உள்ளன.
* பி.பி.ஏ.: மேலாண்மைக் கோட்பாடுகள், சந்தையியல், மனிதவள மேலாண்மை, நிதி மேலாண்மை ஆகியவை மையப் பாடங்கள். கணக்கியல் இங்கும் உண்டு, ஆனால் பி.காம். அளவுக்கு ஆழமாக இராது.

இங்கிலாந்து, ஆசுத்திரேலியா, இலங்கை போன்ற நாடுகளில் கணக்கியல் தனிப் பட்டமாகவும் கற்பிக்கப்படுகிறது. இந்தியாவில் அது பெரும்பாலும் பி.காம். பட்டத்தின் முதுகெலும்பாகவே இருந்து வருகிறது.

வரலாறு

இரட்டைப் பதிவு முறைக் கணக்கு வைப்பை முதன்முதலில் அச்சு நூலில் விரிவாக விளக்கியவர் இத்தாலியக் கணிதவியலாளர் லூக்கா பச்சோலி. அந்நூல் 1494 ஆம் ஆண்டு வெனிசில் வெளியானது. எனினும் நெடுங்காலம் கணக்கு வைத்தல் கடையிலும் வணிகரின் எழுத்தறையிலும் கற்கப்பட்ட தொழிலாகவே இருந்தது. அமெரிக்காவின் முதல் பல்கலைக்கழக வணிகப் பள்ளியான வார்ட்டன் 1881 இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பட்டது. இலண்டன் பொருளியல் பள்ளி 1895 இல் நிறுவப்பட்டது. பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஆசுலி தலைமையில் வணிகவியல் புலம் 1902 இல் தோன்றியது. கேம்பிரிட்ச்சில் ஆல்பிரட் மார்சலின் முயற்சியால் 1903 இல் பொருளியல் தனிப் பட்டத் தேர்வாகப் பிரிந்தது.

இந்தியாவில் பம்பாயில் 1913 இல் தொடங்கப்பட்ட சிடனம் கல்லூரி வணிகவியல் கல்விக்கு முன்னோடி ஆகும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1915 இல் கில்பர்ட்டு சிலேட்டர் முதல் பொருளியல் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். இங்கிலாந்தின் பாடநூல்கள் தென்னிந்தியச் சூழலை விளக்கப் போதாதவை என்று கருதிய அவர், தம் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பி நிலம், கூலி, கடன், உணவு பற்றிய தகவல்களைத் திரட்டச் செய்தார். அதன் விளைவாக 1918 இல் தென்னிந்தியக் கிராமங்கள் பற்றிய ஆய்வுத் தொகுப்பு வெளியானது. அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தின் வடமலைபுரம், திருநெல்வேலி மாவட்டத்தின் கங்கைகொண்டான் ஆகிய ஊர்களும் அதில் இடம்பெற்றன. 1936-37 இல் பி. ஜே. தாமசு, கே. சி. இராமகிருட்டிணன் ஆகியோர் வழிகாட்டலில் அதே கிராமங்கள் மீண்டும் ஆய்வு செய்யப்பட்டன. களப்பணியைப் பொருளியல் கல்வியின் பகுதியாக ஆக்கிய தொடக்ககால இந்திய முயற்சிகளுள் இது ஒன்று.

மதுரையின் பழைய கல்லூரிகள் முதலில் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தன. 1965 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1966 இல் மதுரைப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. தெ. பொ. மீனாட்சிசுந்தரம் அதன் முதல் துணைவேந்தர் ஆவார். மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டக் கல்லூரிகள் இதன் கீழ் வந்தன. 1978 இல் இது மதுரை காமராசர் பல்கலைக்கழகம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. 1990 இல் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் உருவானபோது தென்கோடி மாவட்டங்கள் பிரிந்தன.

1964-66 இல் செயற்பட்ட கோத்தாரி கல்விக்குழு, சிறந்த கல்லூரிகளுக்குத் தன்னாட்சி வழங்கப் பரிந்துரைத்தது. அதன் தொடர்ச்சியாக 1978 இல் தமிழ்நாட்டில் சில கல்லூரிகள் தன்னாட்சி பெற்றன. மதுரையின் அமெரிக்கன் கல்லூரியும் லேடி டோக் கல்லூரியும் அவற்றுள் அடங்கும்.

முடிவெடுக்கும் அமைப்புகள்

பட்டம் வழங்கும் உரிமை 1956 ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக்குழுச் சட்டப்படி பல்கலைக்கழகங்களுக்கும் சட்டம் அனுமதித்த சில நிறுவனங்களுக்கும் மட்டுமே உண்டு. கல்லூரி தன்னாட்சி பெற்றதாயினும் பட்டத்தை வழங்குவது பல்கலைக்கழகமே.

தன்னாட்சி பெறாத இணைப்புக் கல்லூரிகளுக்குப் பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டக் குழு பாடங்களை வகுக்கிறது. ஒவ்வொரு துறைக்கும் தனிக் குழு உண்டு. அதன் வரைவு, பல்கலைக்கழகத்தைப் பொறுத்து, கல்விப் பேரவை அல்லது கல்விசார் நிலைக்குழுவின் ஒப்புதலுக்குச் செல்கிறது. பின்னர் அனைத்து இணைப்புக் கல்லூரிகளிலும் அது ஒரே நேரத்தில் நடைமுறைக்கு வருகிறது. வினாத்தாளும் பொதுவானது.

தன்னாட்சிக் கல்லூரியில் துறைத் தலைவரே பாடத்திட்டக் குழுவின் தலைவர். மானியக்குழுவின் நெறிமுறைகள்படி துறையின் ஆசிரியர்களோடு பின்வருவோரும் அதில் இடம்பெறுவர்.

* தாய்ப் பல்கலைக்கழகத்துக்கு வெளியிலிருந்து இரண்டு பாட வல்லுநர்கள்
* துணைவேந்தரால் நியமிக்கப்படும் ஒரு வல்லுநர்
* தொழில் துறையைச் சேர்ந்த ஒருவர்
* அத்துறையில் முதுநிலை முடித்த முன்னாள் மாணவர் ஒருவர்

இம்முறையில் மாற்றங்களை விரைவாகச் செய்ய முடிகிறது. மறுபுறம், ஒரு கல்லூரியிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் மாணவர் சில பாடங்களை இரண்டாம் முறை படிக்கவும், சிலவற்றைப் படிக்காமலே விடவும் நேரிடுகிறது.

மாநில அளவில் 1992 இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றம் 2023 இல் மாதிரிப் பாடத்திட்டத்தை வெளியிட்டது. மாநிலம் முழுவதும் பட்டங்கள் ஒப்பிடத்தக்கவையாக இருக்க வேண்டும் என்பது இதன் நோக்கம். தன்னாட்சியைக் குறைக்கும் எனப் பல கல்லூரி ஆசிரியர்கள் எதிர்த்ததை அடுத்து, தன்னாட்சிக் கல்லூரிகள் இதனை ஏற்பது அவற்றின் விருப்பத்துக்கு விடப்பட்டது. பி.பி.ஏ. படிப்பு 2024-25 ஆம் கல்வியாண்டு முதல் அனைத்திந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமத்தின் அனுமதி வரம்புக்குள் கொண்டுவரப்பட்டது. இதனால் ஒரே கல்லூரியில் பி.பி.ஏ. அக்குழுமத்தின் அனுமதிக்கு உட்பட்டும், பி.காம். அவ்வாறு உட்படாமலும் உள்ளன.

நேரப் பங்கீடு

தமிழ்நாட்டில் இளநிலைப் பட்டம் ஆறு பருவங்களைக் கொண்டது. 2023 மாதிரிப் பாடத்திட்டத்தில் பட்டம் பெற 140 தகுதிப்புள்ளிகள் தேவை. கிரெடிட் என வழங்கப்படும் தகுதிப்புள்ளி, ஒரு பாடத்துக்கு அளிக்கப்படும் எடையைக் குறிக்கும். பாடங்கள் ஐந்து பகுதிகளாகப் பிரிக்கப்படுகின்றன: தமிழ் அல்லது பிற மொழி, ஆங்கிலம், முதன்மை மற்றும் விருப்பப் பாடங்கள், திறன் மற்றும் பொதுப் பாடங்கள், விரிவாக்கப் பணி.

முதல் பருவத்தின் வாரநேரம் மாதிரித் திட்டத்தில் பின்வருமாறு அமைகிறது.

* தமிழ் அல்லது பிற மொழி: 6 மணி, 3 புள்ளிகள்
* ஆங்கிலம்: 6 மணி, 3 புள்ளிகள்
* இரண்டு முதன்மைப் பாடங்கள்: 10 மணி, 10 புள்ளிகள்
* விருப்பப் பாடம்: 4 மணி, 3 புள்ளிகள்
* பிற துறைசார் திறன் பாடம்: 2 மணி, 2 புள்ளிகள்
* அடித்தளப் பாடம்: 2 மணி, 2 புள்ளிகள்

மொத்தம் 30 மணி நேரம், 23 புள்ளிகள். வாரத்தின் 30 மணி நேரத்தில் முதன்மைப் பாடங்களுக்குக் கிடைப்பது மூன்றில் ஒரு பங்கு ஆகும். மொழிப் பாடங்கள் 12 மணி நேரம் பெறுகின்றன. நேரம் வரம்புக்கு உட்பட்டது என்பதால், புதிதாக ஒரு பாடத்தைச் சேர்க்கும் குழு பழைய பாடம் ஒன்றை நீக்கவோ சுருக்கவோ வேண்டும். 2022 இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் திறன் பாடங்கள் சேர்ந்தபோதும் இக்கேள்வி எழுந்தது. தேர்வு மதிப்பெண்ணில் 25 அகமதிப்பீட்டுக்கும் 75 பருவத் தேர்வுக்கும் ஒதுக்கப்படுகின்றன.

பாடங்களின் வரிசை

கணக்கியலில் வரிசை மிக முதன்மையானது. குறிப்பேட்டில் பற்றும் வரவும் எழுதத் தெரியாமல் பேரேட்டுக்குச் செல்ல இயலாது. பேரேட்டு இருப்புகளிலிருந்து இருப்பாய்வும், அதிலிருந்து இலாப நட்டக் கணக்கும் இருப்புநிலைக் குறிப்பும் தயாரிக்கப்படுகின்றன. ஆகவே நிதிக் கணக்கியல் முதலாண்டிலும், பங்கு வெளியீடு, நிறும இணைப்பு முதலியவற்றை விளக்கும் நிறுமக் கணக்கியல் இரண்டாம் ஆண்டிலும், அடக்கவிலைக் கணக்கியல், மேலாண்மைக் கணக்கியல், வருமான வரி ஆகியவை மூன்றாம் ஆண்டிலும் வைக்கப்படுகின்றன.

பிளசு டூவில் கணக்குப்பதிவியல் படித்தவரும் படிக்காதவரும் ஒரே வகுப்பில் அமர்வது பி.காம். வடிவமைப்பின் முதல் சிக்கல். முதற்பருவத்தைப் புதியவருக்கு ஏற்ப அமைத்தால் ஏற்கெனவே படித்தவருக்கு அது மீள்பார்வை ஆகிவிடும். நேராக உயர்நிலைக்குச் சென்றால் புதியவர் பின்தங்குவர். சில கல்லூரிகள் தொடக்க வாரங்களில் இணைப்பு வகுப்பு நடத்தி இதனை எதிர்கொள்கின்றன.

கணிதத்தின் இடம்

பொருளியல் பட்டத்தில் வடிவமைப்பாளர் எதிர்கொள்ளும் பெரிய கேள்வி கணிதம் ஆகும். தில்லிப் பல்கலைக்கழகத்தின் பி.ஏ. ஆனர்சு பொருளியல் படிப்பில் சேரப் பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம் வேண்டும். தமிழ்நாட்டுக் கலைக் கல்லூரிகளில் பி.ஏ. பொருளியல் பொதுவாகக் கணிதம் படிக்காத மாணவருக்கும் திறந்திருக்கிறது. முதல் தலைமுறைப் பட்டதாரிகள் பலருக்கு உயர்கல்வியின் வாசலாக அமைந்தது இந்த ஏற்பாடே.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. இந்தியப் புள்ளியியல் கழகம் போன்ற நிறுவனங்களின் முதுநிலைப் பொருளியல் நுழைவுத் தேர்வில் நுண்கணிதம், நேரியல் இயற்கணிதம், நிகழ்தகவு ஆகியவை கேட்கப்படுகின்றன. தேவைக் கோட்டை வரைபடமாக மட்டும் கற்ற மாணவர், அதனை வகைக்கெழு மூலம் விளக்கச் சொல்லும் தேர்வில் தடுமாறுகிறார். நல்ல வடிவமைப்பு நுழைவில் கணிதத்தைக் கட்டாயமாக்காமலே, முதலாண்டில் கணித முறைகளையும் இரண்டாம் ஆண்டில் புள்ளியியலையும் வைத்து, இறுதியாண்டில் பொருளளவையியலை விருப்பப் பாடமாகத் தருகிறது. துணைப் பாடமாகக் கணிதத்துக்குப் பதில் வேறொன்றைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இருந்தால், அத்தேர்வின் விளைவை முதலாண்டிலேயே மாணவருக்கு அறிவிப்பது தேவையாகிறது.

சட்ட மாற்றமும் காலத் தாழ்வும்

வணிகவியல் பாடங்களில் பெரும்பகுதி நாட்டின் சட்டங்களைச் சார்ந்தது. சட்டம் ஒரே நாளில் மாறும், பாடத்திட்டம் அவ்வாறு மாறாது.

பல கல்லூரிகளில் ஏறத்தாழ மூன்றாண்டுக்கு ஒருமுறை பாடத்திட்டம் திருத்தப்படுகிறது. திருத்தம் அந்த ஆண்டு சேரும் மாணவரிலிருந்து படிப்படியாக நடைமுறைக்கு வருகிறது. எடுத்துக்காட்டாக 2023 இல் ஒப்புதல் பெற்ற திட்டத்தின் மூன்றாம் ஆண்டுப் பாடம் 2025-26 இல்தான் முதன்முறை கற்பிக்கப்படும். அடுத்த திருத்தம் 2026 இல் வந்தாலும் 2025 இல் சேர்ந்தவர்கள் பழைய திட்டப்படியே 2027-28 இல் மூன்றாம் ஆண்டைப் படிப்பர். ஆக, 2023 இல் எழுதப்பட்ட ஒரு பாடக்குறிப்பு ஐந்து ஆண்டுகள் கழித்தும் வகுப்பறையில் இருக்கும்.

இத்தாழ்வின் விளைவை இரண்டு நிகழ்வுகள் காட்டுகின்றன. 2014 இல் பி.காம். சேர்ந்த மாணவர்கள் மறைமுக வரியில் மத்திய கலால் வரி, சேவை வரி, மதிப்புக் கூட்டு வரி ஆகியவற்றைப் படித்து 2017 ஏப்ரல், மே மாதங்களில் படிப்பை முடித்தனர். 2017 சூலை 1 அன்று சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்து அவற்றில் பெரும்பகுதியை உள்வாங்கிக்கொண்டது. வேலை தேடிச் சென்றவர்கள் தாம் தேர்வெழுதிய வரிமுறையை அலுவலகங்களில் காணவில்லை.

இரண்டாவது நிகழ்வு வருமான வரி. 1961 ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக வருமான வரிச் சட்டம் 2025 இயற்றப்பட்டது. 2026 ஏப்ரல் 1 அதன் நடைமுறை நாள் ஆகும். 2023 இல் சேர்ந்த மாணவர் பழைய சட்டத்தைப் பயின்று முடிக்கும் பருவமும் அதுவே. 2025-26 நிதியாண்டு வரையிலான வருமானத்துக்குப் பழைய சட்டமே பொருந்துவதால் அவர் கற்றது உடனே பயனற்றுப் போவதில்லை. எனினும் புதிய சட்டத்தில் பழகிய பிரிவு எண்கள் மாறியுள்ளன. முந்தைய ஆண்டு, மதிப்பீட்டு ஆண்டு என்ற இரு கருத்துகளுக்குப் பதிலாக வரி ஆண்டு என்ற ஒரே கருத்து வந்துள்ளது. அதே வேளையில் சம்பளம், வீட்டுச் சொத்து, தொழில் இலாபம், மூலதன ஆதாயம், பிற வருவாய் என்ற ஐந்து தலைப்புகள் நீடிக்கின்றன.

ஆகவே பாடத்திட்டத்தில் எது எழுதப்பட்டுள்ளது என்பது முதன்மை பெறுகிறது. பிரிவு எண்களையும் வரி விகிதங்களையும் பட்டியலிடும் பாடத்திட்டம் சட்டத்தோடு காலாவதியாகிறது. வருமானத்தை வகைப்படுத்தும் முறை, விலக்கு அளிப்பதன் நோக்கம், வரிச்சுமை யார்மீது விழுகிறது என்பவற்றை மையமாக்கி, நடைமுறையிலுள்ள சட்டத்தின்படி எனக் குறிப்பிடும் பாடத்திட்டம் நீண்ட காலம் பயன்படுகிறது. ஆனால் பின்னதைக் கற்பிக்கும் ஆசிரியர் ஆண்டுதோறும் தம் குறிப்புகளைப் புதுப்பிக்க வேண்டும். வினாத்தாள் அமைப்பவரும் எந்த ஆண்டின் சட்டம் என்பதைத் தெளிவாகக் கூற வேண்டும். டேலி போன்ற கணக்கியல் மென்பொருள்களைக் கற்பிக்கும் திறன் பாடங்களுக்கும் இது பொருந்தும். பொத்தான்களின் இடம் பதிப்புக்குப் பதிப்பு மாறும், அடியிலுள்ள இரட்டைப் பதிவு மாறாது.

தொழில்முறை அமைப்புகளின் செல்வாக்கு

கணக்காளர் தொழிலுக்கான தகுதியை இந்தியாவில் பல்கலைக்கழகங்கள் வழங்குவதில்லை. 1949 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகம், 1959 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த அடக்கவிலைக் கணக்காளர் கழகம், 1980 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த நிறுமச் செயலர் கழகம் ஆகியவை தம் தேர்வுகளைத் தாமே நடத்துகின்றன. பட்டயக் கணக்காளர் படிப்பில் வணிகவியல் பட்டதாரி 55 விழுக்காடும், பிற பட்டதாரிகள் 60 விழுக்காடும் பெற்றிருந்தால் அடித்தளத் தேர்வின்றி இடைநிலைக்கு நேரடியாகச் சேரலாம். பிரித்தானியத் தொழில்முறை அமைப்புகள் பல, தாம் ஏற்பளித்த பட்டங்களுக்குப் பாடவாரியாக விலக்கு அளிக்கின்றன. அதனால் அங்குப் பல்கலைக்கழகப் பாடத்திட்டம் அவ்வமைப்புகளின் பாடத்திட்டத்தை நெருங்கிச் செல்கிறது.

மொழியும் இங்கு ஒரு காரணி. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் தமிழ் வழியில் பட்டம் படிக்க வாய்ப்பு உண்டு. பட்டயக் கணக்காளர் தேர்வை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் எழுத முடியும். தமிழ் வழி மாணவருக்குப் பற்று, வரவு, தேய்மானம் போன்ற சொற்களோடு அவற்றின் ஆங்கில இணைகளையும் முதலாண்டிலிருந்தே சேர்த்துக் கற்பிக்காத பாடத்திட்டம், அத்தொழிலுக்கான வழியைக் கடினமாக்குகிறது.

இலங்கையில் கல்விப் பொதுத் தராதர உயர்தர வர்த்தகப் பிரிவில் கணக்கீடு, பொருளியல், வணிகக் கல்வி ஆகியவை உள்ளன. ஆகவே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முகாமைத்துவ, வணிக பீடத்துக்கு வர்த்தகப் பிரிவிலிருந்து வரும் மாணவர் கணக்கியல் அடிப்படையோடு வருகிறார்.

விமர்சனங்கள்

2000 ஆம் ஆண்டில் பாரிசு மாணவர்கள், தங்கள் பொருளியல் பாடங்கள் நடைமுறை உலகிலிருந்து விலகிய கணித மாதிரிகளாகிவிட்டன என்று பொது விண்ணப்பம் வெளியிட்டனர். 2008 நிதி நெருக்கடிக்குப் பின் இவ்விமர்சனம் வலுத்தது. வெண்டி கார்லின், சாமுவேல் பவுல்சு முதலியோர் உருவாக்கிய கோர் திட்டம், ஏற்றத்தாழ்வு, சுற்றுச்சூழல் போன்ற கேள்விகளிலிருந்து தொடங்கும் இலவச மின்னூலை வெளியிட்டது.

தமிழ்நாட்டில் குறை வேறு திசையில் உள்ளது. இங்குக் கணிதம் மிகுதி என்பதைவிட, கணிதமும் களப்பணியும் இரண்டுமே குறைவு என்று கூறுவது பொருந்தும். சிலேட்டரின் மாணவர்கள் செய்த கிராம ஆய்வு போன்றவை இன்று பெரும்பாலும் இறுதியாண்டுத் திட்டக் கட்டுரையாகச் சுருங்கியுள்ளன. வெற்றிலை, மல்லிகை, கைத்தறிச் சுங்குடி எனக் கணக்கிடவும் ஆராயவும் தக்க தொழில்கள் மதுரைச் சுற்றுப்புறத்தில் இருந்தும், பாடநூல் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் பெயரற்ற நிறுவனங்களைப் பற்றியவையாகவே உள்ளன.

பாடத்திட்டத்தைப் படிக்கும் முறை

பட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் மாணவர் கல்லூரி இணையதளத்திலோ அலுவலகத்திலோ பாடத்திட்டத்தைப் பெற்றுப் பின்வருவனவற்றைப் பார்க்கலாம்.

* பாடத்திட்டம் எந்தக் கல்வியாண்டில் சேர்ந்தோருக்கு உரியது
* கல்லூரி தன்னாட்சி பெற்றதா, வினாத்தாளை யார் அமைக்கின்றனர்
* கணிதம், புள்ளியியல் பாடங்கள் எத்தனை, அவை கட்டாயமா விருப்பமா
* சட்டப் பாடங்களில் எந்த ஆண்டின் சட்டங்கள் பெயரிடப்பட்டுள்ளன
* விருப்பப் பாடங்களில் எவை அக்கல்லூரியில் உண்மையில் நடத்தப்படுகின்றன
* உள்ளகப் பயிற்சிக்கும் திட்டக் கட்டுரைக்கும் எத்தனை புள்ளிகள்

இவற்றுள் விருப்பப் பாடங்கள் பற்றிய கேள்வியைத் துறையில் நேரில் கேட்டறிவது நல்லது. பட்டியலில் மூன்று பாடங்கள் இருந்தாலும், ஆசிரியர் எண்ணிக்கையைப் பொறுத்து வகுப்பு முழுவதற்கும் ஒன்றே நடத்தப்படுவது வழக்கமாக உள்ளது.